ஒன்பது முடிச்சு

என்னைவிடப் பெரிய முட்டாள் கோயமுத்தூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு டீ வாங்கித் தருகிறேன். மில்லில் நூல் தரம் பார்ப்பது என் வேலை. முடிச்சைக் கண்டால் கை தானாக வெட்டிவிடும்.

அரையாண்டு விடுமுறையில், தன் தங்கையின் பிரசவத்துக்கு மனைவி பல்லடம் போயிருந்தாள். அவள் திரும்பும் நாளன்று ஷிஃப்ட் முடிந்து, கண்ணைத் திறந்து வைக்கவே தெம்பில்லாமல் வந்தேன். ஏழு வயது மகள் வாசலில் கட்டுவதற்குக் கலர் கலரான கம்பளி நூல் துண்டுகளை முடிந்து தோரணம் செய்துகொண்டிருந்தாள்.

“பாத்துக்கோங்கப்பா, குளிச்சுட்டு வாரேன்.”

பார்த்துக்கொண்டேன். அவள் வருவதற்குள் அரைத்தூக்கத்திலேயே அத்தனை முடிச்சையும் வெட்டிவிட்டிருந்தேன்.

“ஏனுங்கப்பா வெட்டுனீங்க?” துண்டுகளைப் பொறுக்கியபடியே கேட்டாள்.

“முடிச்சு இருந்தா நூலு பாஸாகாது கண்ணு.”

“அம்மா இல்லாத ஒன்பது நாளுக்கும் ஒவ்வொரு முடிச்சுங்க. அம்மாகிட்டக் காட்டறதுக்கு வெச்சிருந்தேன்.”

கட்டிலை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் துண்டுகளை நீட்ட, நான் முடிச்சுப் போட்டேன். வெட்டுவதில் புலியான எனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. இரண்டு அவிழ்ந்தே போயின. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் கதை இருந்தது. ஒன்று, நான் உப்பில்லாமல் ரசம் வைத்த நாள். ஒன்று, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட நாள். இன்னொன்று, நான் சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிய நாள்.

ஒன்பதையும் போட்டு முடித்தபின் கேட்டேன். “அப்பா உன்றகூட விளையாடுன நாளு எதுங்க கண்ணு?”

“அதுக்கு இன்னும் முடிச்சே போடலீங்கப்பா.”