படி இல்லாத அறை

ஷிஜாவுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய கால்கள் இரண்டின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரத்துக்குப் போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு சரிவின் அடியில் அவர்களுடைய வீடு. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, கல்லூரிக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளுக்கும், பென்ஷன் காரியமாக வரும் கிழவர்களுக்கும் வேண்டியதைச் செய்துகொடுப்பாள். வேலை சுத்தமாக இருக்கும், வாயும் சும்மா இருக்காது. அதனால் ஆட்கள் மெனக்கெட்டு இறங்கி வருவார்கள்.

அவர்கள் இறங்கி வருவார்கள். அவளால் ஏறிப் போக முடியாது. முற்றம் வரை சக்கர நாற்காலி ஓட அண்ணன் சானு சிமெண்ட் பூசிச் சாய்வு போட்டுக் கொடுத்திருந்தான். கேட்டைத் தாண்டினால் செங்குத்தான மண்பாதை. சர்ச்சோ ஆஸ்பத்திரியோ துக்க வீடோ, எங்கே போவதானாலும் சானுவின் காரில்தான் போக வேண்டும். "நான் இருக்கேன்லா, எஞ்ச போகணும்ன்னாலும் சொல்லு மக்கா" என்பான். மனசோடுதான் சொல்வான். ஆனால் நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு எந்த நாளில் ஒழிவு? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும், ஒரு சாவுக்கும், ஒருமுறை பல் பிடுங்கவும் கடந்த ஒரு வருஷத்தில் அவள் வெளியே போயிருந்தாள். அவ்வளவுதான். சர்ச்சுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், சானுவைப் போல ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று. ஷிஜாவும் ஆமாம் என்பாள். அப்படிச் சொன்ன பிறகு, எங்காவது கூட்டிப் போ என்று கேட்க அவளுக்கு வாய் வராது.

ஓண விடுமுறைக்கு முன்பு ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது சானு பேச்சை எடுத்தான்.

"காட்டுக்குள்ள எங்கியாவது ரெண்டு நாளு தங்கணும். பிள்ளைக எப்பமும் மொபைலத்தான் நோண்டிட்டு கெடக்கு. ஷிஜா, நீ கம்ப்யூட்டர்ல நல்ல எடமா ஒண்ணு பாரு."

அன்று முதல் ஆட்கள் வராத நேரமெல்லாம் அவள் காட்டுக்குள் இருந்தாள். இயற்கையோடு இணைந்த விடுதி என்று சொல்லிக்கொள்ளாத இடமே இல்லை. படங்களை உற்றுப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. ஒரு இடத்தில் காங்கிரீட் சுவரில் மூங்கில் பிளாச்சு அடித்து ஏசி மாட்டியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் மான் வரும் என்று சொல்லி ராத்திரி முழுக்கப் பெரிய விளக்கு எரித்தார்கள். வேறொருவன் ஓடை பக்கத்தில்தான் என்றான். குளிக்கத் தண்ணீர் லாரியில் வருமாம். பிள்ளைகளுக்கு மரத்தின் மேல் கட்டின வீடு வேண்டும். சானுவின் மனைவி பிரீஜாவுக்குக் கக்கூஸோடு சேர்ந்த குளிமுறி சுத்தமாக இருக்க வேண்டும். ஷிஜா ஒவ்வொரு விடுதிக்கும் போன் போட்டு, கரண்ட் எங்கிருந்து, குப்பையை என்ன செய்கிறீர்கள், வேலைக்கு நிற்பவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்தானா என்றெல்லாம் கேட்பாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பெரிய காரியம் ஒன்றுமில்லை என்பது போன்ற குரலில் கடைசியாக ஒன்று கேட்பாள்.

"ரூமுக்கு எத்தர படி உண்டு?"

"சேச்சிக்கு முட்டுவேதனையா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா, முழங்கால் முட்டுதான்" என்றாள்.

கடைசியில் நெய்யாற்றுக்கு அப்பால் மலையடிவாரத்தில் மழைக்கூடு என்று ஓர் இடம் அகப்பட்டது. பழைய தோட்டத்தை வெட்டாமல் விட்டு, அது திரும்பக் காடாகிப்போன நிலம். ஓடைக்கரையில் சில மண்குடில்கள். ஜெனரேட்டர் கிடையாது. அதை நடத்துகிற அபிலாஷ் என்பவன், ஒரு குடிலுக்குப் படியே இல்லை, நடக்கமுடியாத ஒரு பெரியவருக்காகக் கட்டியது என்று சொல்லி, கேட்காமலே படமும் அனுப்பினான். ஷிஜா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கதவின் அடியில் கட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. குளிமுறிக் கதவும் அகலம். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது படங்களைக் காட்டினாள். பிரீஜா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் உண்டு. இதுக்கு என்னத்துக்கு வாசல்ல சாய்வு போட்டிருக்கு?"

அம்மா சுகிர்தபாய் கட்டிலில் இருந்தபடி, கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல், "அவளும் வாறாளாக்கும்" என்றாள்.

சானு பிரீஜாவைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான். ஷிஜா அதைப் பார்த்துவிட்டாள். இடுப்பெலும்பு ஒடிந்த அம்மாவுக்குத் துணையாக அவள் வீட்டில் இருப்பாள் என்றுதான் பேசி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அவள் இடம் தேடியது அவர்களுக்காக.

"நீயும் வாறியா மக்கா? ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நெனச்சேன்" என்றான் சானு.

இல்லை, எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் மூச்சு விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"வாறேன்" என்றாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ரத்னபாய் சித்தி வந்து தங்கினாள். இவர்கள் காரில் போய், கடைசிக் கொஞ்ச தூரம் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் நின்ற இடத்தில் அபிலாஷ் குடையோடு வந்தான். நாற்காலியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. முந்தின ராத்திரி காற்றில் பலாக்கொம்பு ஒடிந்து விழுந்து, அந்தக் குடிலின் கூரை போய்விட்டதாம்.

"வேற குடில் ரெடியாக்கியிருக்கு சேச்சி. மூணு படி மட்டும்."

"மூணு படிதானே! நான் தூக்கிட்டுப் போறேன்" என்றான் சானு.

சின்ன வயசிலிருந்து தூக்குகிற கைதான். ஆனால் இப்போது அவனுக்கும் வயசாகிறது. ஏறும்போது அவன் மூச்சு இரைத்ததும், இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரிந்தது. சமையல்காரியும் ஜீப்காரனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷிஜா அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வழிகாட்டியோடு அருவி பார்க்கக் கிளம்பினார்கள். சானு அவள் நாற்காலியை வராந்தாவின் ஓரத்தில் கொண்டு நிறுத்தினான்.

"இஞ்ச இருந்தா காடு முழுசும் தெரியும் பாத்துக்க. மத்தியானத்துக்கு முன்ன வந்திருவோம்."

காடு தெரியத்தான் செய்தது. ஓடைக்கு அக்கரையில் மஞ்சு இறங்குவதும், கருங்குரங்குகள் கொம்பு விட்டுக் கொம்பு தாவுவதும் பார்க்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் பார்த்து முடித்தாயிற்று. மழை வந்தது. அபிலாஷ் சாமான் வாங்கப் போயிருந்தான். சமையல்புரை முற்றத்துக்கு அந்தப் பக்கம். போனுக்கு ரேஞ்ச் இல்லை. வீட்டு முன்னறைக்காவது நாலு ஆள் வரும். இங்கே அதுவும் இல்லை என்று நினைத்தாள்.

மத்தியானம் தாண்டியது. யாரும் வரவில்லை. அவளுக்கு அவசரமாகக் குளிமுறிக்குப் போக வேண்டியிருந்தது. நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. தொண்டை வலிக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். மழைதான் கேட்டுக்கொண்டு இருந்தது. கடைசியில் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, கையூன்றி உடம்பை இழுத்து இழைந்து போனாள். வயசுக்கு வந்த பிறகு அவள் அப்படி இழைந்ததில்லை. நாற்காலி வாங்கின அன்று, இனிமேல் இது வேண்டாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள்.

காரியம் முடிந்து, நனைந்த சுரிதாரோடு வராந்தாவுக்குத் திரும்பி வந்தபோது, நாற்காலியில் ஏறி உட்காராமல் படிகளைப் பார்த்தாள். பிறகு முதல் படியில் உட்கார்ந்தாள். கால்களைக் கையால் எடுத்துக் கீழே வைத்து, அடுத்த படிக்கு இறங்கினாள். மூன்றையும் இறங்கி முற்றத்துச் சேற்றில் நகர்ந்தபோது ஒரு சுகமும் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. பாதியில் கை தளர்ந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். இறங்கினது போல் ஏறமுடியாது என்று அப்போதுதான் உறைத்தது. இனி முன்னால் போவது ஒன்றுதான் வழி. மழையில் அழுதால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கொஞ்சம் அழுதாள்; பிறகு போனாள்.

சாப்பாட்டுக் கொட்டகையின் வாசலில் அவளைப் பார்த்த சமையல்காரி "ஐயோ" என்று ஓடி வந்தாள். துவர்த்துத் துண்டு கொண்டு துடைத்து, மணிக்கட்டில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்து, பால் ஊற்றாத கட்டன்சாயா கொடுத்தாள்.

"விளிச்சிருக்கலாமே!"

"விளிச்சேன்" என்றாள் ஷிஜா.

அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியில் ஒற்றையானை நின்றதால், அது விலகும் வரை காவல்காரர் குடிசையில் இருந்தார்களாம். கொட்டகையில் சேறும் சகதியுமாகத் தங்கை உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் சானுவுக்கு முகம் வெளுத்தது. பிறகுதான் சத்தம் வந்தது.

"எடி, ஒனக்குக் கிறுக்கா? விழுந்து கெடந்தா நான் ஊருல என்ன பதிலு சொல்லுவேன்?"

"விழுந்தா அடிபடுது எனக்கு. நீ என்னத்துக்கு பதிலு சொல்லணும்?"

"நான் தூக்கமாட்டேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லல்ல. நீ தூக்கி வச்சா, நீ வந்து எறக்குறது வர நான் அந்த எடத்துலதான் கெடக்கணும். அதுதாண்ணா எனக்கு முடியல்ல."

பிள்ளைகள் யானைக்கதையைச் சொல்ல ஓடி வந்தவர்கள், அப்படியே நின்றுவிட்டார்கள்.

அன்று அவள் குடிலுக்கு ஏறவில்லை. கொட்டகையை ஒட்டி, அரிசிச் சாக்குகள் வைத்திருந்த அறையில் அபிலாஷ் ஒரு கட்டில் போட்டுக்கொடுத்தான். அந்த அறைக்கும் ஜன்னல் ஒன்றுதான். ஆனால் வாசலில் படி இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பிரீஜா மாற்றுத் துணியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஷிஜா, ஒரு காரியம் சொல்லட்டா? ஒன்ன கூட்டண்டாம்ன்னு சொன்னது ஒனக்க அண்ணன் இல்ல. நானாக்கும்."

ஷிஜா அவளைப் பார்த்தாள்.

"காலம்பற எழும்பினா அம்மைக்குத் துணி மாத்தணும். ஒனக்குக் குடிக்க வெள்ளம் கொண்டு வைக்கணும். பிள்ளைகளுக்குச் சோறு கெட்டணும். பிரீஜா, பிரீஜான்னு எல்லாரும் விளிக்கிய. ரெண்டே ரெண்டு நாளு, என்ன யாரும் விளிக்காத எடத்துல இருக்கணும்ன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் இல்ல."

ஷிஜாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர்ப் பானையைத் தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தால் தான் கூப்பிட்டிருக்கவே மாட்டோமே என்று நினைத்தாள். அதைச் சொல்லவும் செய்தாள்.

பிரீஜா சற்று யோசித்தாள். "அது எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

"எனக்கும் இந்நாள் வர சொல்லத் தோணல்ல மைனி."

இரண்டு பேரும் இருட்டத் தொடங்கின ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கோ சானு பிரீஜாவைக் கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது எழுந்து போனாள்.

வீடு திரும்பிய பிறகு தண்ணீர்ப்பானை கீழே வந்தது. வேறொன்றும் பெரிதாக மாறவில்லை. சானு முன்னைப் போலவே அன்பாக இருந்தான். ஆனால் தங்கையோடு பேசும்போது வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஓணத்துக்கு அவனே மரத்தின் மேல் கட்டின வீடு ஒன்றைப் பிடித்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் முன்னறைக்கு வந்து, பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயும் வா மக்கா. ஏணிதான். ரெண்டு ஆளாப் பிடிச்சுத் தூக்கிக்கிடலாம்ன்னு சொல்லுதானுக."

"தூக்கண்டாத எடமா இருந்தா வாறேன்."

அவன் அவள் தலையை மெல்லத் தொட்டுவிட்டு உள்ளே போனான்.

காலையில் கார் சரிவில் ஏறிப் போகிற சத்தம் கடைசி வரை கேட்டது. உள்ளேயிருந்து அம்மா, "நீயும் போயிருக்கலாம்லா?" என்று கேட்டாள். ஷிஜா பதில் சொல்வதற்குள், நனைந்த குடையும் சான்றிதழ்ப் பையுமாக ஒரு பெண்பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். ஷிஜா நாற்காலியை மேசைக்கு நகர்த்திக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.