இருபத்தாறு டிகிரி

பயிற்சிப் பொம்மையின் தலைமுடியை ஹெர்டிஸின் கைகள் தண்ணீரில் நனைத்தன. மீனவர்கள் போடும் ரப்பர் கால்சட்டையை இடுப்புவரை ஏற்றின. சட்டைக்குள் பனிக்கட்டிப் பைகளைச் செருகின. பிறகு தெர்மாமீட்டரின் திரையில் இருபத்தாறு டிகிரி காட்டும்படி அமைத்து, கையெட்டும் இடத்தில் வைத்தன. கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு சாண் அருகே நகர்த்தின.

ஹெர்டிஸ் எங்கள் தீவின் மீன் ஆலையில் வேலை பார்த்தவள். பிறகு ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தாள். புத்தகங்களைத் தானே படித்து, ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை செய்யும் வேலைக்கு உயர்ந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், படகு கவிழ்ந்து ஒன்றரை மணி நேரம் கடலில் கிடந்த ஒரு மீனவரை இழுத்தெடுத்தார்கள். இதயம் நின்றிருந்தது. முப்பத்தேழு இருக்க வேண்டிய உடம்பின் சூடு இருபத்தாறு டிகிரி. முப்பதுக்குக் கீழே குளிர்ந்த உடம்பில், நின்ற இதயத்தைத் தூண்டப் போடும் அட்ரினலின் ஊசி வேலை செய்யாமல் தேங்கிக்கொள்ளும். சூடேறும்போது மொத்தமாக இதயத்தை அடிக்கும். அதனால் ஊசி போடாமல், நெஞ்சை அழுத்திக்கொண்டே, உடம்பைச் சூடேற்றும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹெர்டிஸ் அதைத்தான் செய்தாள். ஹெலிகாப்டர் வரும்வரை அவள் கை நிற்கவில்லை. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை.

தீவின் டாக்டர் ஹல்வார்ட், இறந்தவரின் மனைவி பெர்கித்திடம், பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "ஒரே ஒரு ஊசிம்மா. அதப் போட்டிருந்தா இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பார்."

ஹெர்டிஸ் செய்தது சரியென்று விசாரணைக் கடிதம் வந்தது. கடிதத்தை யார் படிக்கிறார்கள்? டாக்டர் சொன்னதுதான் ஊரில் நின்றது. பெர்கித் நகராட்சிச் சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தா. ஹெர்டிஸ் கொடுக்கும் காகிதங்களை ஏழு வருடமாக முகம் பார்க்காமலே வாங்குகிறாள்.

ஹெர்டிஸ் யாரிடமும் வாதாடவில்லை. பரீட்சை வைக்கும் தகுதிக்குப் படித்தாள். இந்த வருடம்தான் கிடைத்தது. டாக்டர்களும் உயிர்காக்கும் பயிற்சியில் தேறித்தான் ஆக வேண்டும். பட்டியலில் முதல் பெயர் ஹல்வார்ட்.

கூட வேலை செய்யும் ஊத்வார் பொம்மையைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டான். அவரை மாட்டிவிட வேண்டுமென்றால் தெர்மாமீட்டரைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிடலாமே என்றான்.

"ஒளிச்சு வச்சா அவருக்கு ஒரு சாக்கு கிடைச்சிடும்பா. சாக்கே இல்லாம விழணும்."

"அம்மா தாயே, உன்கிட்ட நான் கடன்கூட வாங்க மாட்டேன்," என்றான் ஊத்வார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். கடலில் இருந்து எடுத்தவர், இதயத்துடிப்பு இல்லை என்று ஹெர்டிஸ் சொன்னாள். ஊத்வார் நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். இதயத்துடிப்பு காட்டும் திரையில் நேர்கோடு. ஊசித் தட்டு வைக்க இடம் வேண்டுமென்று டாக்டர் தெர்மாமீட்டரை முழங்கையால் ஒதுக்கினார்.

"அட்ரினலின், ஒரு மில்லிகிராம்."

விதிப்படி அவள் கேட்டாள்: "நோயாளியப் பத்தி வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா, டாக்டர்?"

"பாத்தாலே தெரியுதே. நேரத்த வீணாக்காம போடு."

நான்கு நிமிடத்தில் இரண்டாவது. அடுத்த நான்கில் மூன்றாவது. ஒவ்வொன்றின் நேரத்தையும் நொடி சுத்தமாகக் குறித்துக்கொண்டாள். முடிந்ததும், ஒதுக்கப்பட்டிருந்த தெர்மாமீட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

ஹல்வார்ட் குனிந்து அந்த எண்ணைப் படித்தார்.

"இத எனக்காகவே வச்சிருக்க."

"ஆமா டாக்டர். உங்களுக்காகத்தான்."

அடுத்த வாரம் பரீட்சைக்குத் திரும்ப வருவதாகவும், இதை நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். மறுபரீட்சை ஒரு மாதம் கழித்துத்தான் என்றாள் அவள். அவருக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது.

"இந்த ரிசல்ட் தாள் பெர்கித் கைக்கா போகுது?"

"எல்லாத் தாளும் அவங்க கைக்குத்தான் போகுது."

தாளில், தேறாததற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு கடுமையான வார்த்தைகூட இல்லை. நோயாளியின் சூடு இருபத்தாறு. முப்பதுக்குக் கீழே அட்ரினலின் கூடாது. டாக்டர் சூட்டைப் பார்க்கவில்லை. மூன்று முறை கொடுத்தார். பரிசோதகரின் கையெழுத்து. டாக்டரின் கையெழுத்து.

மத்தியானம் அலுவலகத்தில் பெர்கித் வழக்கம்போல் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் கையை நீட்டினாள். ஹெர்டிஸ், காரணம் எழுதிய கட்டம் அவளுக்கு நேராக வரும்படி தாளைத் திருப்பி, அந்தக் கையில் கொடுத்தாள். பெர்கித் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.