இடது கை வைத்தால் இருட்டு

நிச்சயதார்த்தம் முடிந்து பதினோராம் நாள், விடுப்பு முடிந்து வேலைக்கு உட்கார்ந்த முதல் காலையில், என் லேப்டாப்பின் திரை இருண்டு போனது. வேலை என்றால் நான் எங்கும் கிளம்பிப் போவதில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் கிடக்கும் மேசைதான் என் அலுவலகம். பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்து, படங்களையும் எழுத்தையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்து அனுப்ப வேண்டும். அந்த வாரம் கையில் இருந்தது ஐந்தாம் வகுப்பு அறிவியல். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் புத்தகமும் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பதினோரு நாளும் நான் நிதானத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிச்சயமானவர் மேலூரில் கிரானைட் கல்லை மெருகேற்றும் ஆலையொன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று, எல்லாரும் உம்மென்று உட்கார்ந்திருந்த நேரத்தில், என் சித்தப்பாவின் போனில் கோழி கூவுகிற ரிங்டோன் அடித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். எதிரே இருந்தவர் மெதுவாக, "சிரிப்பு வந்தா சிரிச்சுருங்க, எனக்கும் வருது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு எனக்கு நிற்கவே இல்லை. பால் பொங்கினால் சிரித்தேன், பால் பொங்காவிட்டாலும் சிரித்தேன். நிச்சயத்தன்று அவர் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி போட்டுவிட்டார். கொக்கி கிடையாது, இரண்டு முனையிலும் சின்னக் காந்தம், கிட்டே கொண்டு போனால் டிக்கென்று ஒட்டிக்கொள்ளும். குளிக்கும்போதுகூட அதை நான் கழற்றவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டாம் பாடத்தைத் திறந்து நாலு வரி தட்டியிருப்பேன், திரை கறுத்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, மெயில் வந்து விழும் ஓசையும் கேட்டது. ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அப்பாவைக் கூப்பிட எழுந்தேன், பளிச்சென்று வெளிச்சம் வந்தது. உட்கார்ந்தேன், போய்விட்டது. அணைத்து மறுபடி போட்டேன். நல்லபடியாகத்தான் வந்தது. தட்டச்சு செய்யப் போனால் பழைய கதைதான்.

அப்பா வயரிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். எந்தச் சாமான் பழுதானாலும் அவருக்குள் ஓர் உற்சாகம் பிறந்துவிடும். டெஸ்டரும் டார்ச்சுமாக வந்து நின்றார். திரை அப்போது இருட்டில் இருந்தது. என் கைகள் விசைகளின் மேல் இருந்தன.

"அசையாத தாயி. அப்புடியே இரு" என்றார்.

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக்குள்ளிருந்து மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பொருளைப் போல என் தவளைப் படமும் அதன் கீழ் நான் அடித்த நாலு வரியும் அங்கேயே இருந்தன. அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். படம் இருக்கு, பின்னால் எரிகிற விளக்குதான் எரியவில்லை, எங்கோ லூஸ் கான்டாக்ட் என்று தீர்ப்புச் சொன்னார். அதை அம்மாவிடம் ஒரு தடவையும் பக்கத்து வீட்டில் ஒரு தடவையும் சொல்லிவிட்டு வந்தார்.

தெருமுனையைத் தாண்டிய கடைவீதியில் லேப்டாப் பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். மத்தியானம் அங்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் திறந்தார், போட்டார், தட்டினார். கோயில் தெப்பத் திருவிழா மாதிரி ஜொலித்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டார், கண்கூடச் சிமிட்டவில்லை. நான் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று திரைக்குப் பின்னால் ஓடும் பட்டை வயரைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துக் கை வைத்தேன். இருட்டு.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கடை. மறுபடி ஜொலிப்பு. அண்ணன் திரையை முன்னும் பின்னும் ஆட்டினார், ஓரத்தைத் தட்டினார், தலைகீழாகப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கவலையோடு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக்கும் இதுக்கும் ஆகல போல."

நான் அந்தக் கடையிலேயே சிரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுபடி வெளிச்சம் போனால் புதுத் திரைதான் வரவழைக்க வேண்டும், அதற்கு நாலைந்து நாளாகும், அதுவரை வீட்டு டிவியில் மாட்டி ஓட்டுங்கள் என்று ஒரு கேபிளைக் கொடுத்தனுப்பினார்.

இப்படித்தான் ஐந்தாம் வகுப்பு அறிவியல் எங்கள் வீட்டு டிவியில் ஒளிபரப்பானது. லேப்டாப்பின் திரை செத்துக் கிடக்க, டிவியில் எல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து தட்டினேன். சீரியலைப் பறிகொடுத்த அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தினால் அடுத்ததைப் போடச் சொன்னார். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி வந்தபோது கீரையைக் கீழே வைத்துவிட்டு, வால் இருக்கிற குட்டிக்குக் கீழே முதிர்ந்த தவளை என்று போட்டிருக்கிறதே, உன் புத்தகத்துத் தவளை அப்படித்தானா என்று கேட்டார். மூன்று பேர் சரிபார்த்து அனுப்பிய பக்கம் அது. இரண்டு படத்துக்கும் பெயர் மாறிக் கிடந்தது. அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் கீரையைத் தொடவே இல்லை.

சாயங்காலம் மேலூரிலிருந்து அவர் போன் செய்தபோது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். உங்களுக்கு லேப்டாப் பார்க்கத் தெரியுமா என்றேன். "அதுவும் மெஷினுதானே. வாரேன்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். வீடு தலைகீழானது. நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை தனியாக வருவது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் மலையாகக் கிடந்த துணிகள் ஒரே நொடியில் காணாமல் போயின. அவை எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. பணியாரச் சட்டி மேலிருந்து இறங்கியது.

புதன்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டார். ஒரு கையில் பூவும் பழமும். தோளில் ஒரு பை, அதைக் கீழே வைத்தபோது வீடே அதிர்ந்தது. உள்ளே கல் அறுக்கும் இயந்திரத்துக்கான ஸ்பானர்கள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். அப்பா அவற்றை எடுத்து எடுத்துப் பார்த்தார், மிகவும் திருப்தியாக இருந்தது அவருக்கு.

வந்தவர் மேசை முன் உட்கார்ந்து லேப்டாப்பைப் போட்டார். வெளிச்சம் வந்தது. தட்டினார், வெளிச்சம் அப்படியே இருந்தது. பத்து நிமிடம் தட்டினார், அசையவில்லை. என்னை உட்காரச் சொன்னார். கை வைத்தேன், அணைந்தது. எழுந்தேன், வந்தது. அவர் உட்கார்ந்தார், எரிந்தது. நான் உட்கார்ந்தேன், இருட்டு. நாலாவது தடவை மாறி மாறி உட்கார்ந்தபோது எங்கள் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள கை பட்டாத்தான் எரியும் போல."

"மெஷினுக்கு ஆள் தெரியாது அத்தை. என்னமோ ஒண்ணு மாறுது. ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தா மாட்டிக்கும்" என்றார் அவர்.

சொன்ன மாதிரியே ஆரம்பித்தார். நாற்காலியை மாற்றினார். என் செருப்பைக் கழற்றச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தினார். சார்ஜரைப் பிடுங்கினார். எதற்கும் மசியவில்லை. பிறகு என் கைகளுக்கு வந்தார். இரண்டையும் எடுக்கச் சொன்னார், வெளிச்சம். வலது கையை மட்டும் வைக்கச் சொன்னார், வெளிச்சம். இடது கையை வைத்தேன், இருட்டு. அப்பா டெஸ்டரை எடுத்து வந்து என் இடது முழங்கையில் வைத்துப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மேலூர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் கையையே பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார், மேலே தூக்கச் சொன்னார். தொட்டு நகர்த்தியிருந்தால் ஒரு நொடி வேலை. பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று என் ஸ்கேலை எடுத்து அதன் நுனியால் என் விரலைத் தள்ளிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டு லேப்டாப்பின் விளிம்பில் ஓர் இடத்தைத் தொட்டதும் இருட்டு, ஓர் அங்குலம் தூக்கியதும் வெளிச்சம். ஸ்கேல் நின்றது. அவர் முகம் மாறியது.

"அதக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா" என்றார்.

பதினோரு நாளும் அதன்பின் இரண்டு நாளும் கழற்றாத சங்கிலி. மனசில்லாமல் இழுத்துக் கொடுத்தேன். அவர் அதை விசைப்பலகைக்குக் கீழே இடது ஓரத்தில் போட்டார். திரை அணைந்தது. எடுத்தார், எரிந்தது. போட்டார், எடுத்தார். என் கை அந்த லேப்டாப்பின் பக்கத்திலேயே இல்லை.

"நாந்தான் கெடுத்தேனா" என்றார், மிக மெதுவாக.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்ததாம். காந்தம் வைத்ததென்றால் ஒரு கையாலேயே மாட்டிக்கொள்ளலாம், யார் உதவியும் வேண்டாம் என்று கடைக்காரப் பெண் சொன்னதைக் கேட்டு, எனக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கும்போதே சிரிப்பும் வந்தது. முதலில் நான், பிறகு அம்மா, பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு. கடைசியில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுப்பில் ஓர் ஈடு பணியாரம் கருகியது.

அப்பா உடனே கடை அண்ணனுக்குப் போன் போட்டார். லேப்டாப்பை மூடினால் தெரிந்துகொள்ள உள்ளே ஒரு சின்ன சென்சார் இருக்கும், மூடியில் இருக்கும் காந்தம் கிட்டே வந்தால் விளக்கை அணைத்துவிடும் என்று அவர் விளக்கினார். மூடினாலும் தூங்காமல் ஓடும்படி நான் எப்போதோ பாட்டுக் கேட்க மாற்றி வைத்திருந்ததால் விளக்கு மட்டும் போயிருக்கிறது. என் கையை மூடி என்று நினைத்துக்கொண்டது அது. இம்புட்டு நாள் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, மாப்பிள்ளையை ஒரு நாள் கடைக்குக் கூட்டி வாருங்கள் என்றாராம்.

சங்கிலி இன்னும் மாப்பிள்ளையின் உள்ளங்கையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கித் தருவதாகச் சொன்னார். முடியாது என்றேன். வலது கை மவுஸில்தானே இருக்கும், அங்கே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப வலது கைய நீட்டு" என்றார்.

இத்தனை நாளும் நீங்க, வாங்க, சொல்லுங்க. அந்த "நீட்டு" வாயிலிருந்து விழுந்ததும் அவர் காது சிவந்துவிட்டது. நான் நீட்டினேன். அம்மாவுக்கு அடுப்படியில் ஏதோ ஞாபகம் வந்தது. அப்பா மாடியில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று கிளம்பினார். எங்கள் மாடியில் மோட்டார் கிடையாது.

சாப்பிட்ட பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர் படங்களின் பெயரை வாசிக்க, அம்மா சரியா தப்பா என்று சொல்ல, நான் திருத்தினேன். தனியாக இருந்தால் ஒரு நாள் முழுக்க ஆகும் வேலை, நாலரை மணிக்கு முடிந்தது. அம்மாவுக்கு ஏமாற்றம், அடுத்து ஆறாம் வகுப்பு வருமா என்று கேட்டார்.

அவரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டியில் நான்தான் கொண்டு போய் விட்டேன். பின்னால் அந்த ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கணகணவென்று முழங்கியது. சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று அக்கறையாகச் சொன்னார். நிலையத்தில் மேலூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றார். அடுத்தது காலியாக வந்தது. ரொம்பக் காலியாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் போவான் என்றார். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் அதைப் பார்க்காதது மாதிரி சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். ஐந்தாவது வண்டியில் ஏறினார்.

வீடு திரும்பியபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று அம்மா கேட்டார். பஸ்ஸே இல்லை என்றேன்.

"மேலூருக்கா?" என்றார் அம்மா. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனார்.