பாசிப்பாரும் பேசாப்பாரும்

பல்கலைக்கழகப் பதிப்புத்துறையில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. வட்டாரப் பண்பாடு, கலைகள் பற்றிய ஆய்வு நூல்களைத்தான் நாங்கள் பெரும்பாலும் வெளியிடுகிறோம். ஒருவர் பத்து வருடம் அலைந்து எழுதிய புத்தகம் சில நூறு பிரதிகள் அச்சாகி, பாதி நூலக அலமாரிகளுக்குப் போய்விடும். அதை வரிவரியாகப் படித்த முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்கு யாரிடமும் சொல்லாத ஒரு பெருமை உண்டு.

நான் ஏரல்காரி, ஆற்றங்கரையில் வளர்ந்தவள். கடல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. காலை பஸ்ஸில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் தாண்டியதும் கண் சொக்கும். உப்பளம் வந்ததும் இமைக்குள்ளேயே வெளிச்சம் வெளுக்கும். அதை வைத்து இறங்குமிடம் நெருங்கிவிட்டது என்று எழுந்து உட்காருவேன். அலுவலக ஜன்னலிலும் அந்த உப்பளம்தான். மத்தியான வேளையில் மெய்ப்புத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் லேசாக மிதக்கத் தொடங்கும்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது.

நூல், கடலடிப் பாறைத் திட்டுகளின் பெயர்களைப் பற்றியது. அவற்றை இந்தக் கரையில் பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி கிடந்தது அங்கேதான். இப்போது மீனுக்காகப் போகிறார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு பாரையும் வரைபடத்தில் குறித்திருந்தார். ஒரு பெயருக்கு மட்டும் இடம் இல்லை. பேசாப்பார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கையெழுத்துப் பிரதியை மதிப்பிட்டவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'ஒரே ஒரு தகவலாளி. பாசிப்பார் என்பதைத் தவறாகக் கேட்டிருக்கலாம். திருத்துக.'

திருத்தினேன். சிவப்பு மையில் 'பாசி' என்று எழுதி அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டேன். ஆனால் பாசி பிடித்த பார் எல்லாக் கடலிலும் இருக்கும். பேசாத பார் எங்கே இருக்கும் என்று மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது. பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"ரெக்கார்டர்ல கேட்டு டைப் பண்ணினதும்மா. எனக்கே ஞாபகம் இல்ல. வேணும்னா அதச் சொன்ன மீனவர் வீட்டுலயே போய்க் கேட்டுப் பாருங்க," என்று முகவரி கொடுத்தார்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தது அந்த மீனவரின் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அவிய தொழிலுக்குப் போயிருக்காவ மேடம். மூணு மணிக்குள்ள வந்துருவாவ. உக்காருங்க."

டீ போட்டுக் கொடுத்தார். பெயர்ப்பட்டியலை நீட்டினேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், பேசாப்பாரில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது அவிய சொன்னதில்ல, நாங்க சொன்னது. அன்னைக்கு சாரும் அவியளும் படகப் பாக்கக் கரைக்குப் போயிட்டாவ. மிஷின் இந்த மேசையிலதான் கெடந்துச்சு. அடுத்த வீட்டு அக்கா வந்து, ஒம் மாப்பிள பேசாப்பாருக்கா போனாவன்னு கேட்டா. அதுவும் அதுல ஏறியிருக்கு."

"அது எந்தப் பார் அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததா? அங்கன போயிட்டு வந்தா வாயத் தொறக்க மாட்டாவ. சோத்தப் போட்டா திம்பாவ, சுவரப் பாத்துட்டு இருப்பாவ. எறங்கி வார மொகத்த வச்சு நாங்க சொல்லிக்கிடுததுதான்."

இன்னும் இருந்தன. போனவர்கள் வருவதற்குள் சோறு ஆறிவிடும் தூரத்தில் சோறாறிப்பார். கோயில் மணிக்கு முன்னால் திரும்பிவிடும் பக்கத்தில் மணிமுந்திப்பார். வலை கிழிந்து எரிச்சலோடு வந்தால் அது கோவப்பார். கடலுக்குள் ஒருநாளும் போகாத பெண்கள், கரையில் இருந்தபடியே தங்களுக்கென்று ஒரு கடலை வைத்திருந்தார்கள். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அவர் 'மேடம்' என்பதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. "எழுது ஏளா," என்றார்.

கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசனையாகிவிட்டார்.

"இருவது வருசமா எனக்குத் தெரியாம இப்படி ஒரு பேரு ஓடியிருக்கு," என்றார். கடைசியாக அப்படிப் பேசாமல் வந்தது என்றைக்கு என்று மனைவியிடம் கேட்டார். நாளைச் சொன்னதும் பிடிபட்டது. "அது ஒத்தக்கல் பாருல்லா." பேராசிரியரின் வரைபடத்தில் ஏற்கனவே இருந்த பார் அது. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள்.

"அங்கன போனா ஏன் அண்ணே பேச்சு வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"தண்ணி அப்படி. காத்து விழுந்துட்டா அடி வரைக்கும் தெரியும். படகு தண்ணியில நிக்க மாதிரி இருக்காது, அந்தரத்துல நிக்கும். அதப் பாத்துட்டு வந்து என்னத்தப் பேச?" மனைவியைப் பார்த்தார். "நீ கேக்கவும் இல்ல."

"கேட்டாச் சொல்லிருவீயளோ," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. அந்த வாரம் மாதா கோயில் பூசை முடிந்ததும் கணவர் அக்காவையும் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். துறைமுகத்தின் கிரேன்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் பின்னால் சின்னதாகிச் சின்னதாகி, பிறகு வெயில் ஆவியில் கரைந்தன. காற்று துளியும் இல்லை. எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் ஒரு வெறுமை இறங்கியது.

"குனிஞ்சு பாருங்க."

முதலில் என் முகம்தான் தெரிந்தது. அதற்கும் கீழே பச்சை. இன்னும் கீழே வெளிச்சம், வலைக் கண்களைப் போல, மணலின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் படகின் நிழல் தரையில் தனியாகக் கிடந்தது. அதன் மேலாக நீல வால் மீன்கள் அவசரமில்லாமல் போயின. ஒற்றைக் கல் ஒன்று, உள்ளே யாரோ குடியிருக்கும் வீட்டைப்போல அமைதியாக நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. கொஞ்ச நேரத்தில் மேல் எது கீழ் எது என்று சந்தேகமாகி, விழுந்துவிடுவேனோ என்று படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் அக்கா கைவிரல்களைத் தண்ணீருக்குள் விட்டபடி அசையாமல் இருந்தார்.

கரைக்குத் திரும்பும்போது அக்கா பேச ஆரம்பித்தார். மீன், கல், வெளிச்சம், கல்யாணமான புதிதில் பயந்து கிடந்த நாட்கள், எல்லாம் கலந்து படகு மணலைத் தொடும்வரை பேசிக்கொண்டே வந்தார். கணவர் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இந்தப் பெயர்களையும் நூலில் சேர்க்கலாம் என்று போனில் சொன்னபோது பேராசிரியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்காத இடத்துக்கு வச்ச பேர எப்படிம்மா இடப்பெயர்னு சொல்றது?" என்றார். மெய்ப்புப் பார்க்கிறவள் இதற்கு மேல் பேசலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: "அவங்க பாத்துட்டுத்தான் சார் வச்சிருக்காங்க. போனவங்க முகத்தை." "அச்சை நிறுத்திவைங்க," என்றார்.

அவரே தெருவுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் நான் போனேன். எட்டு மாதம். கேட்டது, எழுதியது, சரிபார்த்தது எல்லாம் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. ஆண்கள் சொல்லும் பெயர் ஒரு பத்தியில், பெண்கள் சொல்லும் பெயர் பக்கத்துப் பத்தியில். தொகுத்தவள் என்று என் பெயரைப் போட வேண்டும் என்று பேராசிரியர் கடிதம் எழுதினார். துறை ஊழியர் பெயர் நூலில் வரக்கூடாது என்பது விதி. அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

புத்தகம் வந்ததும் தகவல் சொன்ன பெண்களுக்குக் கொடுக்க ஒரு கட்டுப் பிரதிகளைக் கொண்டுபோனேன். அக்கா பின்னிணைப்பைத் திறந்து தன் பெயரை முதலில் தேடினார். இருந்தது.

"ஒம் பேரு எங்க ஏளா?"

"போடக்கூடாதாம் அக்கா."

"யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பட்டியலுக்குள் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இதென்ன, சேறாறிப்பார்னு போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு துணைக்கால் விழுந்துபோய், சோறு சேறாகியிருந்தது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவள் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சரி விடு. பேனா வச்சிருக்கேல்லா?"

கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினோம். அவர் பக்கத்தைப் புரட்டித் தந்தார். நான் ஒவ்வொன்றிலும் அந்தக் காலைப் போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த வீட்டு அக்கா மை காயட்டும் என்று புத்தகங்களை ஜன்னலோரம் திறந்தபடி வரிசையாக வைத்தார்.