வெள்ளி மாலை ஆறு நாற்பது

தெருவில் யாராவது சிரித்தால் லேப் அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைப் பார்ப்பார். மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்றாவது நம்முடையது, போட்டு ஆறு வருஷம் இருக்கும் என்று உடனே கணக்கு வந்துவிடும். ஆளின் பெயர்தான் வராது. ஊரில் பாதிப் பேர் மெல்லுவது இவள் கைவேலையால் என்று அவர் கணவர் சொல்வார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மெல்லுகிற பொருள் கெடாமல் இருப்பது யாரால் என்பதை மற்றவர்களே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்.

பத்தொன்பது வயதில் ஒரு பல் டாக்டரிடம் பிளாஸ்டர் கலக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் லேப் அம்மா. மெழுகில் பல் செதுக்கப் பழகி, கண் மங்கத் தொடங்கிய நாற்பதில் கணினிக்கு மாறினார். வாசலை ஒட்டிய அறைதான் அவருடைய பல் லேப். அதில் இப்போது ஒரு கணினி, அதன் பக்கத்தில் பல் செதுக்கும் மெஷின். டாக்டர்கள் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். இவர் திரையில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பல்லை வரைவார். மெஷின் அதைப் பல் நிறக் கட்டியிலிருந்து செதுக்கித் தரும். கணினியில் விண்டோஸ் இல்லை, ஓடுவது லினக்ஸ். சும்மா கிடைக்கிறதே என்று போட்டது, பழகிவிட்டது. பழகியதை விடுகிற வழக்கம் தனக்கு இல்லை என்று கணவரைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

கொஞ்ச நாளாகத் தாடை திரையில் திரும்ப மறுத்தது. ஒரு பக்கம் திருப்பினால் பெருமூச்சு விட்டு, விக்கி விக்கி வந்தது. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வெள்ளிக்கிழமை மதியம் கணவரே பெட்டியைத் திறந்து மாட்டிக் கொடுத்தார். திருகாணி என்றால் அவருக்குக் கை அரிக்கும். மாட்டிய பிறகு படம் வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. கார்டை வேலை வாங்கும் மென்பொருளான டிரைவரை நாளை போட்டுக்கொள்ளலாம் என்று லேப் அம்மா சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை லினக்ஸ் தரும் பட்டியலிலேயே டிரைவரைத் தேடிப் போட்டு, கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். சின்னம் வந்தது. அதன் கீழே சிறு வட்டம் ஏழு சுற்றுச் சுற்றி, எட்டாவதில் பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு யோசித்திருப்பார். ஆனால் ரயில் நிலைய அறிவிப்பாளரின் நான்கு முன்பற்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன. குளியலறையில் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட மனிதர் மூன்று வாரமாக மைக் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை காலையும் வரவில்லை என்றால் பதிவு செய்த குரலையே வைத்துக்கொள்வதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நாலு மணிக்கு அவரை உக்கார வச்சிருக்கேம்மா, நாளைக்கு எனக்கு லீவு," என்று டாக்டர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். செதுக்க ஒரு மணி நேரம், மெருகு போட ஒரு மணி நேரம், கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மணி நேரம். ஒரு மணிக்குள் மெஷின் ஓடத் தொடங்க வேண்டும். கட்டிக்குள் பல்லை எந்தச் சாய்வில் வைப்பது என்று திரையில் பார்த்துத்தான் அனுப்ப முடியும். மறுபடி வரைய முழுநாள் ஆகும். தனியாக ஒரு பிரதி எடுத்து வைப்பது மாதம் ஒருமுறை, முதல் தேதியில். இன்று இருபத்தாறு.

கணவர் தன் தொழில் முறைப்படி மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் வட்டம் அதே இடத்தில் நின்றது. அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாமே என்றார்.

"நீங்க ஃப்ரிட்ஜுக்கு கேஸ் மாத்தும்போது உள்ள இருக்கற காய்கறியையும் சேத்துக் கொட்டிடுவீங்களா?" என்று கேட்டார் லேப் அம்மா.

கணவர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

லேப் அம்மா கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினார். சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த, அணைந்தது. உயிர் இருக்கிறது, கண்தான் போயிருக்கிறது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் சின்னம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து பெயரைக் கேட்டது. படம் வராவிட்டாலும் எழுத்தில் பேசலாம் என்று அவருக்குத் தெரியும். கோடு போட்ட நோட்டில் அதற்கான வரிகளை எழுதி வைத்திருந்தார்.

இதே தொல்லையில் மாட்டியவர்கள் எழுதியதைக் கைப்பேசியில் படித்தார். முதல் கேள்வியே, டிரைவரை இரண்டு இடத்திலிருந்து எடுத்துப் போட்டீர்களா என்பது. அப்படிப் போட்டால் ஒரே உறையில் இரண்டு கத்தி, எதுவும் வெளியே வராது. நான் ஒன்றுதானே போட்டேன் என்று அதைத் தாண்டிப் போனார். காலையில் போட்டதை நோட்டைப் பார்த்து நீக்கினார். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். ஏழு சுற்று, எட்டாவதில் பாதி.

மணி பதினொன்றரை. நீக்கிய பிறகும் அடைக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. மறுபடி கறுப்புத் திரைக்குப் போய், இன்றைக்கு நேற்றைக்கு என்னென்ன போடப்பட்டது என்ற பதிவுகளைத் தேடினார். வரிவரியாக ஓடியதில் ஒன்று கண்ணில் பட்டது. கார்டுக் கம்பெனியின் டிரைவர். வெள்ளி, மாலை ஆறு நாற்பது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நேத்து ஆறு நாப்பதுக்கு நான் எங்கங்க இருந்தேன்?"

"உங்க அக்கா வீட்ல."

"அப்ப வீட்ல யாரு இருந்தது?"

துணி நின்றது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் சொல்லும் கதைகளில் முக்கால்வாசி ஒரே கதை. ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிட்டது, நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்பார்கள். இவர் உள்ளே பார்த்தால் ஐஸைப் பெயர்க்கக் கத்தியால் குத்திய ஓட்டை இருக்கும்.

"கத்தியால குத்தினவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொல்வீங்க," என்றார் லேப் அம்மா.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கார்டு வந்த பெட்டியில வெப்சைட் விலாசம் போட்டிருந்துச்சு. அதுல போய் எடுத்தேன். நீ வந்ததும் தாடை பம்பரமாச் சுத்தறதக் காட்டலாம்னு பாத்தேன். கடைசியில என்னமோ நீளமா எழுதிச்சு. புரியல. மூடிட்டேன்."

"காலையில இருந்து பக்கத்துலயே நிக்கறீங்க. ஒரு வார்த்தை?"

"மவுஸ மாத்தினதுக்கே ஒரு வாரம் பேசாம இருந்தவ நீ."

ஒன்பது நாள். லேப் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திருத்தவில்லை.

"சரி. எந்த இடத்துல எடுத்தீங்க, அது என்னென்ன கேட்டுச்சு, எதுக்கெல்லாம் ஆமான்னீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லியிருந்தார். ஆனால் இறக்கிய கோப்பை அழிக்கவில்லை, வந்த இடத்திலேயே கிடக்கிறது என்றார். எந்த ஸ்க்ரூவையும் தூக்கிப் போடாத மனிதர். அந்தக் குணத்துக்காக இருபது வருஷமாகத் திட்டு வாங்கியவர், இன்று அதனால் பிழைத்தார். கம்பெனி டிரைவரை நீக்க அதே கோப்புதான் வேண்டும் என்று கைப்பேசியில் எழுதியிருந்தது. அவர் இடம் சொல்லச் சொல்ல, லேப் அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நீக்கிவிட்டேன் என்றது கணினி.

திரும்பப் போட்டார்கள். வட்டம் சுற்றியது. எட்டாவது சுற்றில் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திரும்புங்க. வந்துருச்சு."

பழைய மாதிரியே விக்கி விக்கித்தான், ஆனால் நான்கு பற்களும் வரிசையாக இருந்தன. சாய்வு பார்த்து அனுப்பும்போது மணி பன்னிரண்டு நாற்பது. மெஷின் கிர்ரென்று பிடித்தது. முதல் வேலையாகப் பிரதி எடுத்தார். முதல் தேதிக் கணக்கு அன்றோடு முடிந்தது. பிறகுதான், பல் மெருகேறி டாக்டரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான், பட்டியலிலிருந்து ஒரு டிரைவரை மட்டும், ஒரே தடவை போட்டார். இந்தத் தடவை வட்டம் ஐந்து சுற்றிலேயே வழிவிட்டது. தாடை பம்பரமாகச் சுற்றியது. கணவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான்தான் காட்டுவதாக இருந்தேன் என்று சொல்லாமல் பார்த்தார்.

ஐந்து மணிக்கு டாக்டரின் எண்ணிலிருந்து அறிவிப்பாளரே பேசினார். நன்றி சொல்லத் தொடங்கியவரை லேப் அம்மா நிறுத்தினார்.

"அது இருக்கட்டுங்க. மைக்ல பேசற மாதிரி ஒரு வரி சொல்லுங்க."

பயணிகளின் கவனத்திற்கு என்று கணீரென வந்தது குரல். ஆறு பதினைந்து வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும் என்றது. கணவர் தலையை ஆட்டினார். லேப் அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"'சேரும்'ங்கறப்போ லேசா காத்து போகுது. வலப்பக்கப் பல்ல டாக்டர ஒரு உரசு உரசச் சொல்லுங்க. திங்கக்கிழம நீங்க தாராளமாப் போலாம்."

ராத்திரி விளக்கை அணைக்க வந்தபோது கணினியின் பக்கவாட்டில் ஒரு அட்டை தொங்கியது. கணவர் ஃப்ரிட்ஜ்களில் மாட்டும் சர்வீஸ் அட்டை. தேதி, செய்த வேலை, செய்தவர். முதல் வரி அவர் கையெழுத்தில் இருந்தது: வெள்ளி மாலை, டிரைவர் போட்டேன், சொல்லவில்லை.

லேப் அம்மா பென்சிலை எடுத்து இரண்டாவது வரியை எழுதினார்: சனி காலை, நானும் போட்டேன். சொல்லவில்லை என்று எழுதப் போய், அவர்தான் பக்கத்திலேயே நின்றாரே என்று யோசித்து, கேட்கவில்லை என்று எழுதினார்.