எதிர்ப்பக்கத்துக் கையெழுத்து

நான் சொன்ன பொய்களில் மற்றவையெல்லாம் மறந்துபோயின. இந்த ஒன்று மட்டும் இன்னும் சோற்றில் கல்லாக அகப்படுகிறது.

தேனியில் ஒரு பருத்தி அரவை மில்லில் எஞ்சினைக் கவனிக்க ஜெர்மன் துரை ஒருவர் இருந்தார். நான் பக்கத்துப் பழனிசெட்டிபட்டியில் இங்கிலீஷ் வாத்தியார்; அவருக்குப் பேச்சுத்துணை. துரைக்கு எஞ்சினைவிடப் பிராணிகளின் பெயர்கள் மேல்தான் பைத்தியம். தம் பாஷையும் இங்கிலீஷும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பார். எலி இரண்டிலும் 'மவுஸ்'தான். இங்கிலீஷ் 'ஷீப்' அவருக்கு 'ஷாஃப்'. குரங்கு இங்கிலீஷில் 'ஏப்', இவரிடம் 'அஃபெ'. "பாத்தீங்களா, அவங்க ப எங்களுக்கு ஃப!" என்று துள்ளுவார்.

எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். வெளியில் பேச எனக்குக் கூச்சம். பன்றியை 'ஹந்தி' என்போம், பாம்பை 'ஹாவு' என்போம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தமிழின் ப அங்கே ஹ ஆகிவிடுவதைக் கண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாம் பெயர்களைக் குறித்துவந்த நோட்டை நீட்டி என்னையே எழுதச் சொன்னார். அவருடைய வார்த்தைகளுக்கு எதிர்ப்பக்கமெல்லாம் எங்கள் கன்னடப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் இரண்டு வருஷம் எழுதினேன். என் வீட்டுப் பேச்சுக்கு அத்தனை மரியாதையை வேறு யாரும் தந்ததில்லை.

ஜெர்மனியோடு யுத்தம் மூண்ட வாரம் மில் காவல்காரர் ஓடிவந்தார். "வாத்தியாரய்யா, தொரையப் பிடிச்சிட்டுப் போகப் போலீசு வந்திருக்காக. ஏதோ நோட்டாம், படிச்சுச் சொல்ல ஒங்களக் கூப்பிடுறாக."

சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் அந்த நோட்டு விரிந்து கிடந்தது. "ஹாவு, ஹந்தி... இதென்னய்யா, ஒற்றர் பாஷையா? இதை எழுதுனது யாரு?"

மிருகங்களின் பெயர்கள், என் கையெழுத்து. சொல்லவேண்டியது இவ்வளவுதான். வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

"தெரியாதுங்கய்யா. நான் இதப் பாத்ததே இல்ல."

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் நானும் ஆறியிருப்பேன். கோபம் இல்லை.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் எழுதினதுதான்" என்றார்.

நோட்டையும் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தாரே தவிர, அவருக்குத் தமிழில் தம் பெயரைக்கூட எழுத வராது.