பல்லக்காவும் மயில்கழுத்து வாரும்

“முன்னாடி இருக்கிற ரெண்டும் உங்களுதா, கட்டினதா?” என்று கேட்டுக்கொண்டேதான் பல்லக்கா அந்தக் கைக்கடிகார வார்க் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கட்டினதுதான்.

“அதானே பார்த்தேன். பக்கத்துல இருக்கிறதெல்லாம் டீ குடிச்சுப் பழுத்துப்போயிருக்கு. இது ரெண்டு மட்டும் நேத்து வெள்ளையடிச்ச சுவரு மாதிரி நிக்குது. செஞ்சவன் சரியான சோம்பேறி.”

அவளுக்கு அப்படித்தான். ஆளைப் பார்க்குமுன் கண் பல்லுக்குப் போய்விடும். மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார். அதற்குப் பொருந்தப் பல் செட்டு செய்து கொடுப்பது அவள் தொழில். அதனால் ஊருக்கே அவள் பல்லக்கா. சொந்தக்காரர்கள் பெயரை மறப்பாள், முறையைக்கூட மாற்றிச் சொல்வாள், பல்லை மட்டும் மறக்கமாட்டாள். “யாரு, சித்தப்பாவோட ரெண்டாவது மருமகனா? கீழ்வரிசை பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற மாதிரி நிக்குமே, அவன்தானே?” என்பாள். கல்யாண போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நின்ற அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும், ஏன் மூடினார்கள் என்பதும் தெரியும்.

வேலை செய்யும் அறை ஒரு கட்டில் போடத்தான் காணும். மேசைமேல் மெழுகு, அதை உருக்கச் சின்ன ஸ்பிரிட் விளக்கு, சுவரோரம் அச்சு மாவில் வார்த்த ஊர்ச் சனங்களின் தாடைகள் வரிசையாக. நகக்கண்ணில் எப்போதும் மாவு படிந்திருக்கும். சிகரெட் குடிக்கிற ஆளுக்குச் செட்டு செய்தால் ஓரத்தில் இத்துனூண்டு மஞ்சள் வைப்பாள். வயசானவருக்கு முன்பல்லில் முடி கனத்துக்கு ஒரு கீறல் இழுப்பாள். பார்க்கிறவர்கள், “எதுக்கு அக்கா, புதுசாவே செய்யலாமே?” என்றால் கோபம் வந்துவிடும். “போனது தெரியக் கூடாதுப்பா. அதுக்குத்தானே எங்கிட்ட வராங்க!”

வார்க் கடைக்கு அவள் வந்தது அண்ணனுடைய கடிகாரத்துக்காக. அவளுக்கு மூத்தவர் அண்ணன் ஒருவர்தான். போன மழைக்காலத்தில் இறந்துபோனார். கப்பலில் எஞ்சின் பார்த்த பெரியப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய தங்கக் கடிகாரம் அது. அந்தக் காசுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு வீடு வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும். அவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அதனால் அண்ணன் கைக்கு வந்தது. தினம் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தபோது வார் அறுந்தது. நர்ஸ் அதை ஒரு காகித உறையில் போட்டு அண்ணி கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து உறையைவிட்டு அது வெளியே வரவில்லை.

அண்ணி பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறவள். இத்தனை மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டு, திங்கட்கிழமை மறுபடி வண்டி எடுக்கப்போகிறேன் என்றாள். “அவர் வாட்சைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். வார் மட்டும் போட்டுட்டு வா” என்று நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினாள். வேன் ஓட்டவா தங்கக் கடிகாரம் என்று பல்லக்காவுக்கு வாய்வரை வந்தது. ஆனாலும் அண்ணி வாய்விட்டு ஒன்று கேட்டாளே என்று வாங்கிக்கொண்டாள்.

அறுந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலிருந்த பழுப்பு வார்களையெல்லாம் வாசல் வெளிச்சத்துக்கு அள்ளிவந்தாள். டியூப்லைட்டில் எல்லாப் பழுப்பும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. கடைக்காரர் வாயைத் திறக்காமலே பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒன்றைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் டீத்தண்ணியில் நிறமேற்றினாள். மெழுகு தேய்த்தாள். பாட்டிலில் சுற்றிக்கட்டி வளைவு வரவைத்தாள். அண்ணன் வழக்கமாக மாட்டுகிற ஓட்டையைச் சூடான ஊசியால் கொஞ்சம் அகலப்படுத்தினாள். கடைசியில் பழைய தங்க பக்கிளையே பொருத்தினாள். தினமும் அண்ணனின் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி அதில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. அதை மட்டும் துணியால்கூடத் துடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, கடிகாரத்தைக் கொண்டுபோய் அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜ்மேல் வைத்தாள். அண்ணன் வேலைவிட்டு வந்ததும் அங்கே கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

அண்ணி உள்ளே வந்தாள். பையை இறக்கினாள். ஃப்ரிட்ஜ்மேல் பார்வை போனது. குளியலறைப் பக்கம் திரும்பி, “எப்ப வந்தீங்க?” என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த நொடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பல்லக்கா பக்கத்தில் ஓடினாள்.

“அண்ணி, நான்தான்… அப்படியே இருக்கணும்னு…”

“அப்படியேதான் இருக்கு. உன் கை வேலைய குத்தம் சொல்ல முடியுமா? நான் இனிமே வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் இப்படிக் கேட்கணுமா, சொல்லு.”

மறுநாள் இருவரும் சேர்ந்து வார்க் கடைக்குப் போனார்கள்.

அண்ணி பழுப்பு இருந்த பக்கமே போகவில்லை. நுனியில் ஒல்லியாகிற வார்கள் தொங்கின பக்கம் போய், ஒவ்வொன்றாக மணிக்கட்டில் போட்டுப் பார்த்து, மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்தாள்.

“இதா!” என்றாள் பல்லக்கா. “அண்ணி, இது பெரியப்பா வாட்சு. கோட்டு சூட்டு போட்ட மனுஷனுக்கு ரிப்பன் கட்டின மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். ரிப்பன் கட்டி எவ்வளவு நாளாச்சு.”

கடைக்காரர் சிரித்துவிட்டு, ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“சரி, கலர் உங்க இஷ்டம். பக்கிள் மட்டும் அண்ணனோடதையே மாட்டச் சொல்லுங்க. அது ஒண்ணு போதும் எனக்கு.” கடிகாரம் பெரியப்பாவுடையது. வார் அறுந்தாயிற்று. அண்ணனுடைய விரல் பட்டதென்று மிச்சமிருந்தது அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

கடைக்காரர் பழைய பக்கிளைக் கழற்றிப் புது வாரின் நுனியில் மாட்டிக் காட்டினார். வார் நுனி குறுகல், பக்கிள் அகலம். இரண்டு பக்கமும் சந்து விழுந்து, ஆட்டினால் கிடுகிடுவென்று ஆடியது. “நல்ல தங்கம்மா, வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா நுனி அகலமா இருக்கிற ஆம்பளை வாருக்குத்தான் இது உட்காரும். அந்தம்மா கைக்கு அது தொளதொளன்னு கிடக்கும்.”

“அப்ப ஆம்பளை வாரே போடுங்க. அண்ணி, கூட ரெண்டு ஓட்டை போட்டுக்கிட்டா சரியாயிடும்.”

அண்ணி கடிகாரத்தைக் கண்ணாடிமேசைமேல் வைத்தாள். கோபமில்லாமல்தான் பேசினாள். “இங்க பாரும்மா. உங்க பெரியப்பா வாட்சு, உங்க அண்ணன் வாட்சு, நான் இல்லேங்கல. நீயே எடுத்துக்கோ. எடுத்துட்டுப் போய் பீரோல பத்திரமா வை. எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா நான் கட்டிக்கிட்டா, என் கையில என் வாட்சாத்தான் இருக்கும். ரெண்டுல ஒண்ணு சொல்லு. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும்.”

பல்லக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். எடுத்துக்கொள் என்றால் எடுத்துக்கொள்ளலாம். மனசு ஒரு எட்டு முன்னாலும் போயிற்று. பீரோவில் புடவைகளுக்கு நடுவே, சாவி கொடுக்க ஆளில்லாமல் அது படுத்திருப்பதைக் கண்ணுக்குள் பார்த்தாள். அவளிடம் செட்டு வாங்கிப் போய், உறுத்துகிறது என்று டம்ளர் தண்ணீரில் போட்டே வைத்திருக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். எத்தனை அழகாகச் செய்திருந்தாலும் அது அவள் தோற்ற வேலை.

ஆடிக்கொண்டிருந்த பக்கிளை இன்னொருமுறை விரலால் தட்டிப் பார்த்தாள். இதே மாதிரி ஆடுகிற ஒரு செட்டைத் தன் மேசையிலிருந்து வெளியே அனுப்பியிருப்பாளா?

“கழட்டுங்க” என்றாள் கடைக்காரரிடம். “இவங்க கைக்குச் சரியா உட்கார்ற பக்கிள் எடுங்க. தங்க முலாம் போட்டது. பளபளன்னு வேணாம். சரி, பளபளன்னே எடுங்க.”

கழற்றி வைத்த பழைய பக்கிளை அண்ணி ஒரு விரலால் மேசைமேல் மெதுவாக நாத்தனார் பக்கம் நகர்த்தினாள்.

பல்லக்கா அதை உடனே எடுக்கவில்லை. புது பக்கிள் பூட்டிய வாரைத்தான் எடுத்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கி, பக்கிளின் உள்விளிம்பு நெடுகக் கட்டைவிரலை ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“என்ன?” என்றாள் அண்ணி.

“பிசிறு இருக்கு. நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கையைக் கிழிச்சிடும்.”

கைப்பையிலிருந்து நைசான உப்புத்தாள் துண்டொன்றை எடுத்து, கடை வாசல்படியில் உட்கார்ந்து, உரச ஆரம்பித்தாள். ஊதினாள். தன் கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் உரசினாள்.